புறவாசல் பால்

பால் வந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. வெள்ளிக் கிண்ணத்தில் புறவாசல் படியில் இருந்தது. உள்ளே குழந்தை கத்திக்கொண்டிருந்தது. பாலுக்கும் குழந்தைக்கும் இடையே பத்தடி தூரம்தான். அந்தப் பத்தடியைக் கடக்கத் தையல்நாயகியின் பூசை முடிய வேண்டும்.

"அண்ணி, பால் வந்திருச்சு," என்று மூன்றாம் தடவையாக அறைக்குள்ளிருந்து சொன்னாள் சீதாலெட்சுமி.

"காது கேக்குது சீதா. தெளிக்காம அதை உள்ள எடுக்க முடியுமா? பூசையைப் பாதியில விட்டுட்டு எந்திரிக்கச் சொல்றியா?"

சீதாலெட்சுமிக்குத் தானே எழுந்து போய் எடுத்துவரலாம் என்று தோன்றியது. எழுந்தால் தலை சுற்றியது. பிள்ளை பெற்ற பதினைந்தாம் நாள் பிடித்த முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் நடுக்கமுமாக வந்து ஆளை உருக்கிவிட்டது. கொயினா மாத்திரையை விழுங்கி விழுங்கிக் காது அடைத்துப்போனது. மார்பில் பாலும் வற்றிப்போனது. பக்கத்தில் கிடந்த குழந்தையின் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே புறவாசலைப் பார்த்தாள். தகரக் கூரையைத் தாண்டி வெயில் படிக்கு இறங்கிவிட்டது. கிண்ணத்தில் வெயில் பட்டது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இராமலிங்கம் கிராணியின், அதாவது ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவின், வீடு அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குழந்தைக்கு அன்றோடு எழுபது நாள். சபாபதி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது மாமனார் பெயர் என்பதால் சீதாலெட்சுமி அதைச் சொல்லக்கூடாது. "தம்பி, தம்பி" என்றுதான் கூப்பிடுவாள்.

இந்தப் பால் யாருடையது, ஏன் படியில் நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

தாய்க்குப் பால் வற்றியதும் கடையில் டின் பால் வாங்கிக் கரைத்துக் கொடுத்தார்கள். டின்னின் மேல் கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. சக்கரைப் பாகு மாதிரி இனித்த அந்தப் பாலைத் தம்பியும் ஆசையாய்த்தான் குடித்தான். பத்தே நாளில் வயிறு உப்பி, தொடை சூம்பி, தண்ணீர் தண்ணீராகப் போக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாய் வைத்தியம் பார்க்கும் யாழ்ப்பாணத்து டிரெஸர் கார்த்திகேசு வந்து பார்த்தார். டின்னை எடுத்து லோங்காங்கில், அதாவது வீட்டின் பின்னால் ஓடும் சாக்கடையில், வீசச் சொன்னார். தாய்ப்பால் ஒன்றுதான் மருந்து, பெற்றவளுக்கு இல்லையென்றால் வேறொரு தாயைத் தேடுங்கள் என்றார்.

குவார்ட்டர்ஸில் கைக்குழந்தைக்காரிகள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி தன் பிள்ளைக்குப் பங்கு குறைந்துவிடும் என்றாள். இன்னொருத்தி மாமியார் சம்மதிக்கவில்லை என்றாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கூலி லைன் வீடுகளில் இருந்த வீராயி மட்டும் கேட்டவுடனே சரியென்றாள். அவள் புருஷன் தண்டவாளம் பழுது பார்க்கும் கூலி. அவளுக்கு ஐந்து மாதப் பெண் குழந்தை ஒன்று உண்டு. இரண்டு பிள்ளைக்குக் காணும் பாலும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று, சாதி.

தையல்நாயகி இராமலிங்கத்தின் மூத்த அக்கா. புருஷன் போனபின் பதினைந்து வயது மகள் ராஜத்தோடு தம்பி வீட்டுக்குக் கப்பலேறி வந்தவள். வந்த நாளிலிருந்து வீடு அவள் கையில். அவளே யோசித்து ஒரு சட்டம் போட்டாள். பாலுக்குத் தீட்டில்லை, மாருக்குத்தான் தீட்டு. ஆகவே வீராயி தன் லைனிலேயே பாலைப் பீய்ச்சி, விளக்கிய செம்பில் கொண்டுவந்து, படியில் வைத்திருக்கும் வெள்ளிக் கிண்ணத்தில் படாமல் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டு லோங்காங்குக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். பிறகு தையல்நாயகி தொட்டித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, வேப்பிலையால் மூன்று தடவை தெளித்து, ஒரு துளசியும் கிள்ளிப்போட்டு உள்ளே எடுத்துக்கொள்வாள். அந்த வெயிலில் அவ்வளவு நேரம் இருந்தால் பசும்பாலே திரிந்துபோகும். பாவம், அதை யாரும் சாத்திரத்திடம் சொல்லவில்லை.

பூசை முடிந்தது. மணி அடித்து, சூடம் காட்டி, திருநீறு பூசிக்கொண்டு தையல்நாயகி வந்தாள். தெளித்தாள். எடுத்தாள். பாலாடைச் சங்கால் புகட்டினாள். குழந்தை குடித்தது. முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் கக்கியது. அப்புறம் துணி நனைந்தது. மறுபடி துணி நனைந்தது. காலையிலிருந்து இது ஆறாவது துணி. சீதாலெட்சுமிக்கு அதை எண்ணுவதைத் தவிர வேறு வேலை இல்லை. வாய் வறண்டு, சத்தம் குறைந்து, பூனைக்குட்டி போலத்தான் இப்போது தம்பியால் அழ முடிந்தது.

"இது மாந்தம்," என்றாள் தையல்நாயகி. "அந்தப் பொம்பள கருவாட்டைத் தின்னுட்டுப் பால் குடுக்கிறா. வேற என்ன? ஏ வீராயி, நேத்து என்ன தின்ன?"

லோங்காங்குக்கு அப்பாலிருந்து வீராயி சொன்னாள். "கஞ்சிதாம்மா. நீங்க சொன்னதுலேருந்து மீனு தொடல."

"பொய் சொல்லாத."

"எம் புள்ள மேல சத்தியமாம்மா. அதுவும் இந்தப் பாலத்தான் குடிக்குது. அதுக்கு ஒண்ணும் பண்ணலியே."

தையல்நாயகி உள்ளே போய்விட்டாள். ஆனால் அறையில் படுத்திருந்த சீதாலெட்சுமிக்கு அந்த வார்த்தை காதில் விழுந்து அங்கேயே நின்றுவிட்டது. அதே பால். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

மத்தியானம் கார்த்திகேசு சைக்கிளில் வந்தார். குழந்தையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் இழுத்து விட்டார். இழுத்த தோல் மடிப்பாகவே நின்றது. உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார்.

"இது எப்ப எடுத்த பால்?"

"காலையில ஆறரைக்கு," என்றாள் சீதாலெட்சுமி. "உள்ள வந்தப்ப எட்டு மணி."

"ஏன்? அந்த மனுசி அவ்வளவு தூரத்திலையோ இருக்கிறா?"

சீதாலெட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். செம்பு, கிண்ணம், மஞ்சள் தண்ணீர், துளசி, பூசை. சொல்லச் சொல்ல அவருடைய முகம் சிவந்தது.

"புளிச்ச பாலிலை தொட்டித் தண்ணியையும் தெளிச்சுக் குடுத்திருக்கிறியள். டின் பாலே பரவாயில்லை. இஞ்சை பாருங்கோ, உச்சி குழிஞ்சு தாண்டு போச்சுது. நாக்கு காஞ்சு போய்க் கிடக்குது. பால் மனுசியின்ரை நெஞ்சிலையிருந்து நேரே பிள்ளையின்ரை வாயுக்குள்ளை போகவேணும். நடுவிலை கிண்ணமும் வேண்டாம், துளசியும் வேண்டாம். பகல் ராவா ஏழு தரம். இடையிலை கொதிச்சு ஆறின பார்லித் தண்ணி. நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் இப்பிடியே விட்டியளெண்டால், பிறகு என்னைக் கூப்பிட வேண்டாம்."

கார்த்திகேசு வீட்டிலும் வீராயி போன்றவர்களுக்குத் தனிக் குவளை உண்டு என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் செத்துப்போகும் குழந்தைகளைத் தினமும் பார்க்கிறவர் அவர். குவளைக்கும் குழந்தைக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் இராமலிங்கம் ஆபீசிலிருந்து வந்தார். அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். தமிழர் சங்கத்தில் காரியதரிசி. போன மாதக் கூட்டத்தில்தான் 'சாதி என்னும் சனியன்' என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் பேசி, மேசையை இரண்டு தரம் குத்தினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று என்று சொல்வார்கள்.

"ஏங்க, வீராயியை உள்ள கூப்பிடுங்க," என்றாள் சீதாலெட்சுமி. "இல்லாட்டி நான் தம்பியத் தூக்கிட்டு அங்க போறேன்."

இராமலிங்கம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ரொம்ப நேரம் மாட்டினார்.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல சீதா. என் கொள்கை என்னான்னு உனக்கே தெரியும். அக்காதான்..."

"அக்காதான் என்னா?" தையல்நாயகி அடுக்களை நிலையில் வந்து நின்றாள். "வெள்ளிக்கிழமை கிள்ளான்லேருந்து ராஜத்தைப் பாக்க வராங்க. லைன்காரி நடுவூட்டுல குந்திப் பால் குடுத்தான்னு ஒரு வார்த்தை அவங்க காதுல விழுந்தா எம் பொண்ணு கதி என்னா? அப்பன் இல்லாத பொண்ணு. யாரு கட்டுவா?"

அவள் கண் கலங்கித்தான் இருந்தது. நடிப்பில்லை. அவளுக்கு வாழ்க்கையில் மிச்சம் இருந்தது அந்த ஒரு பெண்தான்.

"மூணு நாள்தானே சீதா," என்றார் இராமலிங்கம், தரையைப் பார்த்துக்கொண்டு. "பூசைக்கு முன்னாடியே பால உள்ள எடுத்துடச் சொல்றேன். வெள்ளிக்கிழமை முடியட்டும். அப்புறம் உன் இஷ்டம்."

"டிரெஸர் நாளைக்குன்னு சொன்னாரு. நீங்க வெள்ளிக்கிழமைங்கிறீங்க."

சங்கத்தில் முக்கால் மணி நேரம் பேசிய வாய் வீட்டில் முக்கால் நிமிஷம் பேச மாட்டேன் என்றது.

அன்று இரவு எப்படிப் போனது என்பதை விட்டுவிடுவோம். புதன்கிழமை விடிந்தபோது தம்பி அழவில்லை. அதுதான் சீதாலெட்சுமியைக் கிலி பிடிக்க வைத்தது. கிள்ளினால்கூட வாயைத் திறந்தானே ஒழியச் சத்தம் வரவில்லை. கண் பாதி மூடிக் கிடந்தது. இராமலிங்கம் ஆபீசுக்குப் போய்விட்டார். தையல்நாயகி குளித்துவிட்டுப் பூசைக்கு உட்கார்ந்தாள். முன்னாடியே எடுத்துடுவோம் என்ற பால் மறுபடியும் படியில் இருந்தது. வீராயி அதை ஊற்றிவிட்டு லைனுக்குத் திரும்பியிருந்தாள்.

சீதாலெட்சுமி எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று காய்ச்சல் வரும் முறை. குழந்தையைப் பழைய சேலையில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டாள். புறவாசல் படியில் இருந்த கிண்ணத்தைத் தாண்டி, லோங்காங் மேல் போட்டிருந்த பலகையில் காலை வைத்தாள்.

"சீதா, எங்க போற?" என்று பூசையிலிருந்தே கத்தினாள் தையல்நாயகி.

அவள் திரும்பவில்லை. செருப்பில்லாமல் தண்டவாளத்துச் சல்லியில் நடந்தாள். குவார்ட்டர்ஸ் பெண்கள் ஒவ்வொருத்தியாய் வாசலுக்கு வந்தார்கள். தன் பிள்ளைக்குப் பங்கு குறையும் என்றவளும் வந்தாள். கிராணி பெண்டாட்டி தலைவிரி கோலமாய்க் கூலி லைனுக்குப் போகிறாள் என்ற செய்தி, அவள் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

வீராயி கதவடியில் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சீதாலெட்சுமியைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"ஐயோ அம்மா, நீங்க இங்க வரலாமா? கிராணி ஐயாவுக்குத் தெரிஞ்சா எங்க வூட்டுக்காரர வேலைய வுட்டுத் தூக்கிருவாங்க."

"தூக்கினா நாம எல்லாருமா சேர்ந்து போவோம். இவனைப் புடி வீராயி. எனக்கு நிக்க முடியல."

வீராயி பிடித்துக்கொண்டாள். அவளுடைய மகளை வாங்கிச் சீதாலெட்சுமி மடியில் வைத்துக்கொண்டு மண் தரையில் உட்கார்ந்தாள். வீராயி காம்பைத் தம்பியின் வாயில் வைத்தாள். அவனுக்கு உறிஞ்சக்கூடத் தெம்பில்லை. அவள் விரலால் அழுத்தி ஒவ்வொரு துளியாக நாக்கில் விட்டாள். ஒரு துளி வழிந்துவிட்டது. இன்னொரு துளியும் வழிந்தது. மூன்றாவது துளி உள்ளே போனது. இப்படியே எவ்வளவு நேரமோ. வெயில் ஏறி லைன் முழுக்கத் தகரம் காய்ந்தது. உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் அவன் உதடு அசைந்தது. அப்புறம் பிடித்துக்கொண்டான்.

சீதாலெட்சுமிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வாய்விட்டு அழுதாள். வீராயியும் அழுதாள், எதற்கென்று தெரியாமல். அன்றைக்கு வந்த குளிர்க்காய்ச்சலுக்குச் சீதாலெட்சுமி அந்த வீட்டுச் சாக்கைத்தான் போர்த்திக்கொண்டாள். வீராயி காய்ச்சிய கஞ்சியைத்தான் குடித்தாள்.

சாயங்காலம் இராமலிங்கம் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே நின்று கூப்பிட்டார். "பால் குடிச்சுட்டான்ல. வா சீதா. தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வந்துறலாம். யாருக்கும் சொல்ல வேணாம்."

"ஏழு வேளைன்னு சொன்னாரு டிரெஸர். இன்னைக்கு மூணுதான் ஆயிருக்கு," என்று அங்கிருந்தே சொன்னாள். வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. கார்த்திகேசு லைனுக்கே வந்து பார்த்தார். வீராயிக்கு அரிசியும் பருப்பும் தாராளமாய்க் கொடுங்கள், இரண்டு பிள்ளைக்கும் பால் காணும் என்றார். தம்பி சிறுநீர் விட்டிருந்தான். அதை அவர் சர்டிபிகேட் கிடைத்த மாதிரி எல்லாருக்கும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் இராமலிங்கம் தண்டவாளத்தைத் தாண்டி வந்தே விட்டார். கொள்கை அல்ல காரணம். கிள்ளான்காரர்கள் பத்து மணிக்கு வந்துவிடுவார்கள். வந்த பெண்களுக்குக் குங்குமம் கொடுக்க, தாம்பூலம் வைக்க வீட்டில் ஒரு சுமங்கலி வேண்டும். பெண்ணைப் பெற்றவளோ விதவை, எதிரே வரக்கூடாது. தையல்நாயகி எந்தச் சாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வீராயியைப் படிக்கு வெளியே நிறுத்தினாளோ, அதே சாத்திரம் அவளை அடுக்களை நிலைக்கு உள்ளே நிறுத்திவிட்டது.

"நீ வந்துதான் ஆகணும் சீதா. வீராயியும் வரட்டும். பின்கட்டுல விறகுக் கொட்டாய்ல இருக்கட்டும். பசிச்சா நைசாத் தூக்கிட்டுப் போய்க் குடுத்துட்டு வந்துரலாம். அக்காவும் சரின்னுட்டா."

சீதாலெட்சுமி வந்தாள். மஞ்சள் தண்ணீரில் தலைக்கு ஊற்றச் சொன்னார்கள். ஊற்றிக்கொண்டாள். மூன்று நாள் வேர்வைக்குக் குளியல் சுகமாகத்தான் இருந்தது.

கிள்ளான்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அப்பா, ஒரு சித்தப்பா. கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். ராஜம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். அந்த நேரம் பார்த்து அறையில் தம்பி அழுதான். இரண்டு நாளைக்கு முன் சத்தமே வராத தொண்டை அது. இப்போது வீடு இரண்டானது.

"கொழந்தை ஏன் இப்படிக் கத்துது?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"தூக்கக் கலக்கம்," என்று இராமலிங்கம் சிரித்தார்.

சீதாலெட்சுமி போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்கட்டுப் பக்கம் திரும்பியவள் நின்றாள். அடுக்களை நிலையில் ஒதுங்கி நின்ற தையல்நாயகி, பொறு பொறு என்று கையைக் காட்டினாள். பின்கட்டுக்குப் போகும் வழி கூடத்திலிருந்து நேராகத் தெரியும்.

"செத்த பொறுக்கச் சொல்லு," என்று கிசுகிசுத்தாள். "பூ வச்சு முடியட்டும். பத்து நிமிஷம் பொறுக்கக் கூடாதா?"

சீதாலெட்சுமி கிசுகிசுக்கவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் சத்தம் போடவும் இல்லை.

"பூசை முடியற வரைக்கும் பொறுத்தான் அண்ணி. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொன்னீங்க. அவனுக்கு வயசே எழுபத்து மூணு நாள்தான். அதுல இன்னும் எத்தனை நாள் பொறுக்கணும்?" பிறகு கூடத்தின் பக்கம் திரும்பினாள். "எனக்குப் பால் இல்லீங்க. இவனுக்குப் பால் குடுக்கிறவ கூலி லைன் பொம்பள. இவன் உசுரோட இருக்கிறது அவளால. விறகுக் கொட்டாய்ல நிக்கிறா. வீராயி, உள்ள வா."

வீராயி வந்தாள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வந்தாள். சீதாலெட்சுமி மகளை வாங்கிக்கொண்டு தம்பியைக் கொடுத்தாள். வீராயி சுவரோரம் உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அழுகை நின்றது. கூடத்தில் குழந்தை குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா தன் சேலைத் தலைப்பை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டாள். காபி அப்படியே ஆறியது.

போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடிதமும் வந்தது. ஏற்கெனவே பொருந்தியிருந்த ஜாதகம் மறுபடி பார்த்ததில் பொருந்தவில்லையாம். தையல்நாயகி இரண்டு நாள் சாப்பிடவில்லை. ராஜம் சாப்பிட்டாள். மாப்பிள்ளைக்கு அவளைப்போல் இரண்டு பங்கு வயது, அதுவும் இரண்டாம் தாரம்.

ஆனால் வீராயி வருவது நிற்கவில்லை. முதல் நாள் அவள் எழுந்துபோன ஒவ்வொரு தடவையும் தையல்நாயகி வாளியும் சாணியுமாக வந்து அந்தச் சுவரோரத்தைக் கழுவினாள். ஏழு வேளை, ஏழு தடவை. மறுநாள் ஐந்து. அதற்கடுத்த நாள் இரண்டு. நாலாம் நாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. ராஜத்தைக் கழுவச் சொன்னாள். ராஜம் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டாள். பிறகு யாரும் கழுவவில்லை. சாத்திரம் அந்த வீட்டை விட்டுப் போனது இப்படித்தான், ஒரு இடுப்பு வலியில்.

அந்த மாதச் சங்கக் கூட்டத்தில் இராமலிங்கம் பேசினார். "என் வீட்டில் நான் சாதியை ஒழித்துவிட்டேன்" என்று சொல்லி மேசையைக் குத்தினார். நீண்ட நேரம் கைதட்டினார்கள். மாலை போட்டார்கள். அந்நேரம் அவர் வீட்டுக் கூடத்தில் வீராயி தம்பிக்கு ஆறாம் வேளைப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவளுக்கு ஒழியாது, இன்னும் ஒரு வேளை பாக்கி இருந்தது.